தெரியாது என்று சொன்ன அர்ஜுனன்

எங்கள் ஊரில் வருஷா வருஷம் பாரதக் கூத்து நடக்கும் நாட்களில் மைக் செட் என்னுடையது. ஆந்திர எல்லையில், வரதய்யபாளையத்திலிருந்து சத்தியவேடு போகும் ரோட்டில் இறங்கி உள்ளே வந்தால் திரௌபதி அம்மன் கோயில், அதற்கு எதிரே என் கடை. திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதும், கல்யாணத்துக்கு பாக்ஸ் வைப்பதும், சும்மா இருக்கும் நாளில் வேனில் சவாரி ஏற்றுவதும் என் பிழைப்பு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மைக் கிடைத்தால் போதும், சண்டையைக்கூட அதில்தான் போடுவார்கள். அதனால் யார் என்ன சொன்னார்கள் என்பது மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் தெளிவாகக் கேட்கும். ஜெயபிரகாஷைப் பற்றி நான் சொல்வதற்கு அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

ஜெயபிரகாஷ் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் கம்பெனி பஸ், நடுவில் யார் வம்புக்கும் போகாத ஆள். பந்தியில் மட்டும் தரையில் உட்கார மாட்டான். தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவான். "கம்பெனிக்குப் போனதும் துரைக்கு முட்டி மடங்கமாட்டேங்குது" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவனும் சிரித்துவிட்டுப் போய்விடுவான். அது கிண்டல் இல்லை, உள்ளபடியே உண்மை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அவன் ஊருக்கே பெரிய மனிதன். அன்றைக்கு அவன் அர்ஜுனன்.

சிவனிடம் பாசுபதம் வாங்க அர்ஜுனன் தவம் போகிற கதையை எங்கள் பக்கத்தில் மேடையில் மட்டும் ஆடிவிட்டுப் போக மாட்டார்கள். பெரிய பனைமரத்தைச் செதுக்கி மைதானத்தின் நடுவில் நட்டு, ஏறுவதற்குக் குறுக்குக் கட்டைகள் அடித்து, உச்சியில் ஒரு ஆள் நிற்கப் பலகை கட்டுவார்கள். அதுதான் தபசு மரம்; எங்கள் பேச்சில் 'மானு'. அர்ஜுனன் கட்டைக்கு ஒரு பாட்டாகப் பாடி ஏறி, உச்சியில் ஒற்றைக் காலில் நின்று, மடியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் எறிவான். பிள்ளை இல்லாத பெண்கள் ஈரப் புடவையோடு மரத்தைச் சுற்றி நின்று முந்தானையை ஏந்துவார்கள். பழம் விழுந்தவளுக்கு அடுத்த பாரதத்துக்குள் தொட்டில் ஆடும் என்பது நம்பிக்கை. அதற்காக சென்னையிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள் உண்டு.

மரம் ஏறுகிறவனுக்கு விதிகள் இருக்கின்றன. காப்புக் கட்டிய நாளிலிருந்து கோயிலிலேயே தங்க வேண்டும். வீட்டில் மனைவி சுத்தபத்தமாகச் சமைத்து எடுத்து வர வேண்டும். உடம்பில் எந்தப் பழுதும் இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியில் எங்கள் ஊர் ஈவிரக்கம் பார்க்காது. ஜெயபிரகாஷின் நைனா பல வருஷம் மரம் ஏறியவர். ஒரு கோடையில் கிணற்று மோட்டார் பெல்ட்டில் அவருடைய சுண்டுவிரல் நுனி போயிற்று. அடுத்த பாரதத்துக்கு அவரைக் கூப்பிடவே இல்லை. மகன் ஏறினான். அவர் சாகும்வரை கூட்டத்தின் கடைசியில், கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு நின்று பார்த்தார்.

அந்த மகனுக்குப் பத்தாம் வகுப்பிலேயே முட்டிச் சில்லு நழுவ ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கூடத்துக் கபடியில் முதல் தடவை. ஊன்றிய காலில் உடம்பு சட்டென்று திரும்பினால் சில்லு வெளிப்பக்கம் துள்ளிப் போய் நின்றுவிடும். கால் அப்படியே பூட்டிக்கொள்ளும். மெதுவாகக் காலை நீட்டி, கட்டை விரலால் உள்ளே தள்ளினால் மறுபடி இடத்துக்கு வரும். இதை அவனே பழகிக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை. நைனாவின் சுண்டுவிரலைப் பார்த்து வளர்ந்தவன் எப்படிச் சொல்வான்? உட்கார்ந்து செய்கிற வேலையாகத் தேடிக்கொண்டான். பந்தியில் நின்றான். வருஷா வருஷம் மரமும் ஏறினான்.

போன பாரதத்துக்கு முந்தின பாரதம். உச்சி வெயில். நான்தான் அவன் மார்பில் காலர் மைக் மாட்டி அனுப்பினேன். உச்சிக்குப் போய், ஒற்றைக் காலில் நின்று, மேற்குப் பக்கம் பழம் எறிந்தான். கிழக்குப் பக்கத்துப் பெண்களும் கூப்பிட்டார்கள். கால் பலகையில் ஊன்றியபடியே உடம்பு மட்டும் கிழக்கே திரும்பியது. அவ்வளவுதான். நாலு குழாயிலும் ஒரு அலறல் வந்தது. பிறகு மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. பார்த்தால் அர்ஜுனன் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான். மடியில் இருந்த பழமெல்லாம் ஒரே பக்கமாகக் கொட்டிப் போயிற்று. கிழக்கே நின்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஒருத்தி ஈரப் புடவையோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

இடுப்பில் கயிறு கட்டித்தான் இறக்கினார்கள். அர்ஜுனனை மூட்டை மாதிரிக் கயிற்றில் இறக்கியது எங்கள் ஊர் வரலாற்றில் இல்லாத விஷயம். கீழே வருவதற்குள் கால் நீண்டு, சில்லு தானாக இடத்துக்கு வந்துவிட்டது. முட்டி மட்டும் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. பந்தலில் கிடத்தினார்கள்.

தர்மகர்த்தா முனிரத்தினம் வந்தார். அவர் மனைவி கிருஷ்ணம்மாவும் வந்தாள். காரணம் கண்டுபிடிப்பதில் கிருஷ்ணம்மாவுக்கு நிகர் அந்த மண்டலத்திலேயே கிடையாது.

"சோத்துல தீட்டு பட்டுக்கீது. இல்லன்னா அம்மன் எதுக்குத் தள்ளுவா?" என்றாள்.

முனிரத்தினம் குனிந்து கேட்டார். "ஏம்பா, தரணி தூரத்து நாள்ல சமைச்சாளா? ஒனுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தரணி அவன் மனைவி. நகரியில் பிறந்தவள், அதிகம் பேசாதவள். அவள் அப்படிச் செய்யவில்லை என்று அவனுக்குத் தெரியும். கால் ஏன் நழுவியது என்பதும் அவனுக்குத் தெரியும். அவன் முட்டியைப் பார்த்தான். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தான்.

"எனுக்குத் தெரியாது மாமா" என்றான்.

காலர் மைக் அவன் மார்பிலேயே இருந்தது. அணைக்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். நாலு குழாயும் ஊருக்குச் சொல்லின. அலறலைக் கேட்டு வீட்டிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்த தரணி, தெருமுனையில் அதைக் கேட்டு நின்றாள். நான் பார்த்தேன். பிறகு அவள் ஓடவில்லை, நடந்து வந்தாள்.

அவளையும் கேட்டார்கள். "இல்ல" என்றாள். கட்டின புருஷனே தெரியாது என்கிறபோது இவள் இல்லை என்பதை யார் நம்புவார்கள்? குற்றத்துக்குப் பரிகாரம் கேட்டு அம்மன் காலில் விழவேண்டும் என்றார்கள். ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றி, தபசு மரத்தை மூன்று சுற்று சுற்றி விழுந்து எழச் சொன்னார்கள். ஊர் மொத்தமும் பார்த்தது. புடவை உடம்போடு ஒட்டிக்கொள்ள, மண்ணில் விழுந்து விழுந்து எழுந்தாள். ஒவ்வொரு முறை எழும்போதும் பந்தல் பக்கம் பார்த்தாள். ஜெயபிரகாஷ் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டுக்கும் இடையில் பத்தடி தூரம்தான்.

பாரதம் முடிந்த கொஞ்ச நாளில் குளியலறையில் கால் மறுபடி நழுவியது. அம்மன் கோபம் தீரவில்லை என்று ஊர் சொன்னது. தர்மகர்த்தா ஆயிற்றே, முனிரத்தினமே அவனைத் திருப்பதியில் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டுவதாகச் சொன்னார். என் வேனில் போனோம். பின்சீட்டில் தரணி ஜன்னல் ஓரம். அவள் மடியில் அவன் கால். 

டாக்டர் விஷ்ணுப்ரியா திருமலைக் கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெண். வெளியில் எல்லோரிடமும் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தவர், நாங்கள் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு, அவனைப் படுக்க வைத்து, காலைத் தளர விடச் சொன்னார். சில்லை இரண்டு விரலால் மெதுவாக வெளிப்பக்கம் தள்ளினார். அது நகரக்கூட இல்லை. அதற்குள் ஜெயபிரகாஷின் கை பாய்ந்து வந்து டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"எத்தனை வருஷமா நழுவறது?" என்றார் டாக்டர்.

"இல்ல மேடம். மரத்து மேல அன்னிக்குத்தான் மொதல்ல. அப்பறம் பாத்ரூம்ல ஒருவாட்டி."

அவன் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொள்ளாமலே டாக்டர் சிரித்தார். "எங்கிட்ட மறைக்கலாம், இந்தக் கை மறைக்கலையே. நழுவப் போறதுன்னு அதுக்கு முன்னாடியே தெரியறது. படத்துல பாருங்கோ. சில்லுக்குப் பின்னாடி குருத்தெலும்பு தேஞ்சு கிடக்கு. ஓரத்துல பழைய சிதறல் ஒண்ணு. தொடை இந்தப் பக்கம் எவ்வளவு இளைச்சிருக்கு. இதெல்லாம் ஒரு நாள்ல வராது. பத்து வருஷத்துக்கு மேல ஆன சமாசாரம்."

அறையில் நாங்கள் நாலு பேர். முனிரத்தினம் செருப்பைப் பார்த்தார். நான் ஸ்கேன் படத்தைப் பார்த்தேன், எனக்கென்னவோ புரிந்த மாதிரி. தரணி மட்டும் அவனையே பார்த்தாள்.

"ஸ்கூல்லர்ந்து" என்றான் ஜெயபிரகாஷ். குரல் எழும்பவே இல்லை. எத்தனையோ வருஷம் அவன் பாட்டை நாலு குழாயில் போட்டவன் நான். இதைக் கேட்கக் காதைத் தீட்ட வேண்டியிருந்தது.

டாக்டர் வைத்தியத்தைச் சொன்னார். சில்லை உள்பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கும் தசைநார் அறுந்து தொய்ந்துவிட்டது. பயிற்சியால் மட்டும் இனி நிற்காது. அவனுடைய தொடைப் பின்பக்கத்திலிருந்தே ஒரு நாரை எடுத்து, சில்லின் ஓரத்துக்கும் தொடை எலும்புக்கும் இடையில் புதிதாகக் கட்ட வேண்டும். பிறகு மாசக் கணக்கில் பயிற்சி.

வெளியே வந்ததும் முனிரத்தினம் என்னையும் அவனையும் தூண் ஓரமாக இழுத்தார். "உள்ள கேட்டது உள்ளயே இருக்கட்டும். பழுது வெச்சிக்கினு மானு ஏறினான்னு தெரிஞ்சா, இத்தினி வருஷமா பழம் வாங்கின பொம்பளங்க கோயிலத்தான் கேப்பாங்க. பரிகாரமும் ஆயிப்போச்சி. கிளறக்கூடாது." சொல்லிவிட்டு அவர் தரணி பக்கம் திரும்பவே இல்லை.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். அன்று அந்த நடையில் மூன்று பூனைகள் நின்றிருந்தோம்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. முதுகில் ஊசி போட்டதால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய், எலும்பில் துளை போடும் சத்தத்தை அவன் கேட்டுக்கொண்டே படுத்திருந்தான். மறுநாள் பிசியோதெரபிக்காரர் வந்து தொடையை இறுக்கச் சொன்னார். எவ்வளவு முயன்றும் சதை அசையவில்லை. தரணி தொடை மேல் கையை வைத்து, "இங்க. என் கையத் தள்ளு" என்றாள். அப்போதுதான் லேசாக இறுகியது. மலம் கழிக்க வைப்பது முதல் உடம்பு துடைப்பது வரை எல்லாம் அவள்தான். அவளைத் தொட விடவே கூசியது என்று பிற்பாடு என்னிடம் சொன்னான். அன்று அவர்கள் பேசியதையும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"ஒங்கிட்டகூட மறைச்சிட்டேன்" என்றிருக்கிறான்.

அவள் பால் டம்ளரை ஆற்றிக்கொண்டே, "எங்க மறைச்ச?" என்றாளாம். "கண்ணாலம் ஆன வருசமே பாத்தேன். வைக்கப்போருக்குப் பின்னால கால நீட்டிக்கினு, பல்லக் கடிச்சிக்கினு நீயே தள்ளிக்கினு இருந்த."

"அப்பறம் ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு இருந்தேன்." டம்ளரை அவன் கையில் கொடுத்தாள். "அன்னிக்கும் நீ சொல்லுவன்னுதான் மரத்த சுத்தினேன். ஒவ்வொரு சுத்துக்கும் ஒன்னத்தான் பாத்தேன்."

அந்தப் பாலை அவனால் குடிக்க முடியவில்லை. வெட்கம் என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்தது என்றான். மரத்திலிருந்து கயிற்றில் இறங்கியதெல்லாம் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை என்றான். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நனைந்திருக்க வேண்டாம். 'இவருக்கு எப்பவுமே முட்டி நழுவும்' என்ற ஒரே வார்த்தை. சொன்னால் அவன் மறுபடி மரம் ஏற முடியாது என்று அவளுக்குத் தெரியும். அவன் கௌரவத்தை அவள் காப்பாற்றினாள். அவன் அவளை ஊருக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டான்.

ஊருக்குத் திரும்பினார்கள். தொடை முதல் கணுக்கால் வரை பட்டை, கையில் வாக்கர். அதைப் பார்த்த ஊர் தரணியின் பழியை இன்னும் கொஞ்சம் வளர்த்தது. "ஒரு வேள தீட்டுச் சோத்தால புருசன் கால்ல கத்தி வெக்க வெச்சிட்டா பாரு" என்றார்கள். உலை வாயை மூடலாம், எங்கள் ஊர் வாயை மூடுகிற மூடி எந்தச் சந்தையிலும் விற்பதில்லை. ஆரத்தி எடுக்க அவளைக் கூப்பிடுவது நின்றது. ஒரு வளைகாப்பில் அவள் நீட்டிய வளையலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வேறொருத்தி போட்டாள். அதன்பிறகு தரணி கோயில் பக்கமே வரவில்லை. பக்கத்து வீட்டுக்கு உறைமோர் கேட்கப் போவதையும் விட்டுவிட்டாள்.

ஜெயபிரகாஷ் தினமும் சொல்லத்தான் நினைத்தான். தினமும் தள்ளிப் போட்டான். பட்டை கழற்றினதும் சொல்லலாம். வாக்கர் போனதும் சொல்லலாம். மறுபடி வேலைக்குச் சேர்ந்ததும் சொல்லலாம். முட்டி நன்றாக மடங்க ஆரம்பித்தது, மாடிப்படி ஏறினான், பந்தியில் ஒரு நாள் தரையில்கூட உட்கார்ந்தான். வாய்தான் மடங்கியபடியே இருந்தது. தரணி எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும் என்றான் என்னிடம். எனக்கு வந்த கோபத்துக்கு, "அவ கேக்கணும்னு இன்னுமாடா எதிர்பாக்கற?" என்று திட்டினேன்.

அடுத்த பாரதம் வந்தது. காலில் கத்தி பட்டவன் ஏறக்கூடாது என்பதால், அவன் பெரியப்பா மகன் அஷ்வின் அர்ஜுனன். அவனுக்கும் நான்தான் காலர் மைக் மாட்டினேன். அஷ்வின் முதல் கட்டையில் கால் வைத்துப் பாட்டெடுக்கும் நேரம், ஜெயபிரகாஷ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டியது. வேட்டி நனைந்து ஒட்டியிருந்தது.

"கோபிண்ணா, மைக்கக் குடு."

முனிரத்தினம் தூரத்திலிருந்து வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் பார்க்காத மாதிரி மைக்கைக் கொடுத்தேன்.

மேடையில் ஏறி நின்று, வேட்டியை முட்டிக்கு மேல் தூக்கினான். உள்பக்கமாக மூன்று தழும்புகள். "என் முட்டி பத்தாங்கிளாஸ்லர்ந்தே நழுவும். மறைச்சி வெச்சிக்கினு மானு ஏறினேன். தரணி செஞ்ச சோத்துல தீட்டு இல்ல. எனுக்கு அது தெரியும். தெரிஞ்சே, தெரியாதுன்னு சொன்னேன். தப்பு என்னுது."

இறங்கி வந்து, தரணியைப் போலவே விழுந்து விழுந்து மரத்தைச் சுற்ற ஆரம்பித்தான். ஆபரேஷன் செய்த முட்டி தரையில் படும்போதெல்லாம் முகம் கோணியது. கையை ஊன்றி ஊன்றித்தான் எழுந்தான். மூன்று சுற்று. யாரும் தடுக்கவில்லை. முடிந்ததும், எங்கள் ஊர் என்ன செய்தது தெரியுமா? அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தது. "ஆம்பளடா. ஊரு முன்னால ஒத்துக்கினான் பாரு" என்றார்கள். கிருஷ்ணம்மா, "பாவம் அந்தப் பொண்ணு, அதுக்கே தெரியாம மறைச்சிக்கிறான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் சொன்ன பழி எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அஷ்வின் பாட்டைத் தொடர்ந்தான்.

ஜெயபிரகாஷ் வீட்டுக்குப் போனான். கொஞ்சம் நிமிர்ந்துதான் போனான். தரணி அடுப்படியில் இருந்தாள். துண்டை எடுத்து நீட்டினாள்.

"கேட்டுதா?" என்றான்.

"குழாயி இங்கதான பாத்துக்கினு கீது. எல்லாம் கேட்டுது." துண்டை அவன் கையில் வைத்துவிட்டு, "ஒண்ணு மட்டும் வரல" என்றாள்.

"இன்னா?"

"எனுக்கு மொதல்லர்ந்தே தெரியும்ன்றத சொன்னியா?"

அவன் துண்டைப் பிடித்தபடி நின்றான். அதைச் சொல்லவில்லை. மறந்து போகவும் இல்லை. நாக்கு நுனி வரை வந்து நின்ற வார்த்தை அது. அதைச் சொன்னால்தான் அவன் செய்தது முழுசாகத் தெரியும். முட்டியை மறைத்தவனைப் பாவம் என்பார்கள். தனக்காக வாய் மூடி நின்றவளைக் காட்டிக் கொடுத்தவனை யாரும் முதுகில் தட்ட மாட்டார்கள். ஒப்புக்கொண்டபோதும் தன் பங்கில் கொஞ்சம் மிச்சம் பிடித்துக்கொண்டான்.

துண்டை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தான்.

இரண்டாம் தடவை அவன் வந்தபோது அஷ்வின் பாதி மரத்தில் இருந்தான். ஜெயபிரகாஷ் மேடையேறி மைக்கைக் கேட்டதும், பாட்டை நிறுத்திவிட்டு மேலிருந்தே எட்டிப் பார்த்தான். ஈரப் புடவைப் பெண்களும் திரும்பினார்கள்.

"முன்ன சொன்னதுல ஒண்ண விட்டுட்டேன்." அவன் குரல் நாலு குழாயிலும் உடைந்து உடைந்து வந்தது. "என் முட்டி விசயம் தரணிக்குக் கண்ணாலம் ஆன வருசத்திலர்ந்தே தெரியும். அன்னிக்கு அவ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நனையறது நானா இருந்திருப்பேன். நான் மறுபடி மானு ஏறணும்னுதான் அவ வாயத் தொறக்கல. எம்மேல ஒரு பேச்சு வரக்கூடாதுன்னு மூணு சுத்தும் சுத்தினா. நான் பாத்துக்கினு ஒக்காந்திருந்தேன். இத எப்பிடி சொல்றதுன்னு தெரியாம இல்ல. சொல்ல வெக்கமா இருந்துச்சி. இப்பவும் வெக்கமாத்தான் கீது."

இந்தத் தடவை யாரும் கிட்டே வரவில்லை. கிருஷ்ணம்மா தலையை முந்தானையால் மூடிக்கொண்டாள். முனிரத்தினம் எழுந்து கோயிலுக்குள் போய்விட்டார். எனக்கும் மைக் ஒயரைத் தவிர வேறு எங்கும் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு மரத்தைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவர்களில் நானும் ஒருவன்தானே.

அவன் இறங்காமல் அங்கேயே நின்றான். இறங்கி எங்கே போவது என்று தெரியாதவன் போல நின்றான்.

கூட்டத்தின் ஓரத்தில் பெண்கள் விலகினார்கள். தரணி வந்துகொண்டிருந்தாள். பாரத மைதானத்தில் அவள் கால் வைத்து ஒரு வருஷம் ஆயிற்று. யாரையும் பார்க்காமல் நேராக மேடைப் படிக்கு வந்து, அவன் முட்டியைப் பார்த்தாள்.

"போதும். எறங்கு" என்றாள். "கால் நடுங்குது."

மைக் அவன் கையில் இருந்ததால் அதுவும் ஊருக்கெல்லாம் கேட்டது.